சைலன்சர் மாத்தலாமா சார்?

கே: என்னிடம் இருப்பது ஆல்டோ 800. சைலன்சரை மாற்றினால் மஸ்டாங் மாதிரி உறுமுமா?
– கல்லூரி மாணவர், திருச்சி

ப: உறுமும். ஆனால் ஆல்டோவாகத்தான் உறுமும். குரல் பிறப்பது இன்ஜினில். சைலன்சர் அதைத் திருத்தத்தான் முடியும். மூன்று சிலிண்டர் இன்ஜின் நிமிடத்துக்கு 3000 சுற்று ஓடும்போது நொடிக்கு 75 முறை வெடிக்கிறது. மஸ்டாங்கின் எட்டு சிலிண்டர் அதே சுற்றில் 200 முறை. அதிலும் பெரும்பாலான அமெரிக்க வி8 இன்ஜின்களில், ஒரு பக்கத்து நான்கு சிலிண்டர்கள் சம இடைவெளியில் வெடிப்பதில்லை. அந்தத் தடுமாறும் தாளத்தில்தான் நீங்கள் மயங்கியிருக்கிறீர்கள். நாதஸ்வரத்தை வாங்கி வைத்துக்கொண்டு அதில் தவில் கேட்டால் எப்படி? மனம் தளர வேண்டாம். போர்ஷே 911-ன் ஆறு சிலிண்டர்களும் பக்கத்துக்கு மூன்றாகத்தான் படுத்திருக்கின்றன. அந்த மூன்றும் உங்கள் ஆல்டோவைப் போலவே சமமாக வெடிக்கின்றன. மூன்று சிலிண்டருக்கென்றே ஒரு கரகரப்பு உண்டு. அதைக் கேட்டுப் பழகுங்கள், பிடித்துப்போகும்.

கே: சின்ன காருக்கு எதற்கு இந்த ஆடம்பரம் என்கிறார் அப்பா.
– வாசகர், ஈரோடு

ப: அப்பாவிடம் கார்லோ அபார்த்தைப் பற்றிச் சொல்லுங்கள். 1949-ல் இத்தாலியில் கம்பெனி தொடங்கியவர். பந்தயக் கார்களோடு, சாதாரணக் கார்களுக்குச் செய்து விற்ற சைலன்சர்களும் அவருக்குப் பேர் வாங்கித் தந்தன. 1957-ல் வந்த ஃபியட் 500-க்கு இரண்டே சிலிண்டர், 479 சிசி. நம் புல்லட் 500-ஐவிடச் சின்ன இன்ஜின்! அதற்கும் அபார்த் சைலன்சர் வாங்கி மாட்டினார்கள்.

கே: 2018 ஸ்விஃப்ட், நான்கு சிலிண்டர் பெட்ரோல். பின் டப்பாவை அறுத்துவிட்டு நேர்க்குழாய் வைத்து வெல்டு அடித்துத் தருகிறேன் என்கிறார் மெக்கானிக்.
– பனியன் கம்பெனி ஊழியர், திருப்பூர்

ப: வேண்டவே வேண்டாம். ஊருக்குள் ஒரு ரவுண்டு வரும்வரை சொர்க்கம். பிறகு பைபாஸில் ஏறுவீர்கள். 3000 சுற்றில் உங்கள் இன்ஜின் நொடிக்கு 100 முறை வெடிக்கும். அந்த அடித்தொனி, கண்ணாடி ஏற்றிய காருக்குள் அடைபட்டு மண்டையைப் பிடிக்கும்.

பட்டறையில் அறுத்துப் போட்ட பழைய டப்பா ஒன்றைக் குனிந்து பாருங்கள். உள்ளே தகடு வைத்து அறை அறையாகப் பிரித்திருப்பார்கள். ஒலி அலை அவற்றில் மோதித் திரும்பி, எதிரே வரும் அலையை அடக்கும். ஸ்போர்ட்ஸ் வகையில் பெரும்பாலும் துளை துளையான ஒரு குழாயும் அதைச் சுற்றிக் கண்ணாடி இழைப் பஞ்சும்தான். பஞ்சு கீச்சொலியைத் தின்னும், அடித்தொனியை விட்டுவிடும். எனவே நடு டப்பாவைத் தொடாமல், பின் டப்பாவை மட்டும் நல்லதாகப் பார்த்து மாற்றுங்கள்.

அப்படியும் குறிப்பிட்ட ஒரு வேகத்தில் ரீங்காரம் மிஞ்சினால், குழாயின் பக்கவாட்டில் முனை மூடிய கிளைக்குழாய் ஒன்று வைக்கலாம். 400 டிகிரி செல்சியஸ் சூட்டில் ஒலி நொடிக்குச் சுமார் 520 மீட்டர் ஓடும். நொடிக்கு 100 அதிர்வு என்றால் அலைநீளம் 5.2 மீட்டர், அதில் கால் பங்கு 1.3 மீட்டர். அந்த நீளமுள்ள கிளைக்குள் போய்த் திரும்பும் அலை, மேடு இருந்த இடத்தில் பள்ளமாக வந்து அந்தத் தொனியை மட்டும் அணைத்துவிடும். இந்தக் கணக்குப் போட்டு வேலை செய்யும் வெல்டர் கிடைத்தால் விடாதீர்கள்.

கே: பிக்கப் கூடுமா?
– டாக்ஸி ஓட்டுநர், மதுரை

ப: டர்போ இல்லாத சின்ன பெட்ரோல் காரில் கூடுவது சொற்பம்; அதுவும் ஆக்சிலரேட்டரை முழுக்க மிதிக்கும்போது. குழாயைக் கண்டபடி அகலமாக்கினால் புகை வேகமிழந்து, குறைந்த சுற்றில் இழுவை போய்விடும். பெரியார் பஸ் ஸ்டாண்டு நெரிசலில் உங்களுக்கு அந்த இழுவைதானே வேண்டும்?

கே: மாமாவின் ஆர்எக்ஸ் 100 சத்தம் என் காரில் வருமா?
– வாசகி, நாகர்கோவில்

ப: வராது. அது டூ ஸ்ட்ரோக். ஒவ்வொரு சுற்றுக்கும் வெடிக்கும். மாமாவிடம் சாவியைக் கேளுங்கள்.

கே: கேட்டலிட்டிக் கன்வர்ட்டரை எடுத்துவிட்டால் சத்தம் இன்னும் திறக்குமாமே?
– பெயர் வேண்டாம், சேலம்

ப: திறக்கும், கூடவே நாறும். பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூசிய அந்தத் தேன்கூடுதான் கார்பன் மோனாக்சைடையும் எரியாத பெட்ரோலையும் நைட்ரஜன் ஆக்சைடுகளையும் மாற்றி அனுப்புகிறது. உங்களுக்குப் பின்னால் ஸ்கூட்டரில் குழந்தையை முன்னால் நிறுத்திக்கொண்டு வரும் அம்மாவின் மூக்கு உங்கள் குழாய்க்கு எவ்வளவு பக்கம் என்று சிக்னலில் ஒருமுறை பாருங்கள். பிஎஸ்6 காரென்றால் கன்வர்ட்டருக்குப் பின்னாலும் ஒரு சென்சார் இருக்கும். இன்ஜின் விளக்கு எரிந்து காட்டிக்கொடுக்கும். இந்த வேலைக்கு என்னிடம் யோசனை கேட்காதீர்கள்.

கே: போலீஸ் பிடித்தால்?
– அதே சேலம் வாசகர்

ப: மோட்டார் வாகனச் சட்டம் 190(2) பிரிவின்படி, ஒலி, புகை வரம்பை மீறினால் முதல் முறைக்கே 10,000 ரூபாய் வரை அபராதம், மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்; லைசென்ஸும் மூன்று மாதம் போகும். அனுமதியில்லாத மாற்றத்துக்கு 182ஏ தனியாக இருக்கிறது. பிறகு உங்கள் காரின் சத்தத்தைக் கேட்க நீங்கள் பக்கத்து சீட்டில்தான் உட்கார வேண்டும்.

கே: சைலன்சர் மாற்றியதிலிருந்து காலையில் இவர் காரைக் கிளப்பினால் பக்கத்து வீட்டுக் கைக்குழந்தை அலறுகிறது. என்ன செய்ய?
– குடும்பத் தலைவி, தாம்பரம்

ப: குளிர்ந்த இன்ஜினைக் கிளப்பியதும், கன்வர்ட்டரைச் சீக்கிரம் சூடாக்க காரின் கம்ப்யூட்டரே சுற்றைக் கூட்டி வைக்கும். அந்த முதல் நிமிடம்தான் தெருவை எழுப்புகிறது. நின்ற இடத்தில் உறுமவிடாமல், கிளப்பிய கையோடு மெதுவாக நகரச் சொல்லுங்கள். அதற்கும் குழந்தை அழுதால், பழைய டப்பாவை எடைக்குப் போட்டுவிட்டாரா என்று விசாரியுங்கள். போடவில்லை என்றால் ஞாயிற்றுக்கிழமையே திரும்ப மாட்டிவிடச் சொல்லுங்கள்.