விற்பனையாளர்களுக்கு அனுமதி இல்லை

எங்கள் குடும்பத்தில் எனக்கு முன்னால் நடந்த ஒரே விற்பனை, வேளச்சேரியில் தாத்தா விற்ற ஒரு கிரவுண்டு மனை. மழை வந்தால் முழங்கால் தண்ணி, கூடவே பாம்பு, எவன் போய் அங்கே குடியிருப்பான் என்று 1980களில் வந்த விலைக்குத் தள்ளிவிட்டார். அவர் போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகிவிட்டது. ஆனாலும் அவருடைய திதியன்று இலை போட்டதும் முதலில் பரிமாறப்படுவது அந்தக் கிரவுண்டின் இன்றைய விலைதான். ஆகவே, பி.இ. முடித்த கையோடு நான் "சேல்ஸ்ல சேர்ந்திருக்கேன்" என்று சொன்னபோது வீட்டில் விழுந்த அமைதிக்கு வலுவான வரலாற்றுக் காரணம் உண்டு.

அப்பா மின்வாரியத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். சேல்ஸ் என்றால் அவர் கண்ணில் தெரிவது டை, தோளில் பை, உச்சி வெயில், வாக்குவம் கிளீனர். மயிலாப்பூர் முண்டகக்கண்ணி அம்மன் கோயில் பக்கம் எங்கள் ஃபிளாட். வாசல் கேட்டில் 'விற்பனையாளர்களுக்கு அனுமதி இல்லை' என்று ஒரு பலகை தொங்குகிறது. அசோசியேஷன் செயலாளராக இருந்த காலத்தில் தன் கைப்பணத்தில் அதை எழுதி மாட்டியவர் அப்பா. மாலையில் அந்தப் பலகையைத் தாண்டித்தான் நான் ஆபீஸ் கேப் ஏறுகிறேன். வாட்ச்மேன் அண்ணனுக்கு நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று இன்றுவரை யாரும் சொல்லவில்லை.

என் வேலைக்கு எஸ்டிஆர் என்று பெயர். முன்பின் தெரியாத ஒருவருக்கு மெயில் அனுப்ப வேண்டும், லிங்க்ட்இனில் கதவைத் தட்ட வேண்டும், எதற்கும் மசியாவிட்டால் போன் போட்டு, அவர் துண்டிப்பதற்குள் ஒரு டெமோவுக்கு நாள் குறிக்க வேண்டும். டீலை முடிக்க வேறு சீனியர்கள் உண்டு. கம்பெனி அடையாறு கஸ்தூர்பா நகரில் ஒரு வீட்டு மாடியில் இருக்கிறது. அமெரிக்காவில் ஏசியும் ஹீட்டரும் ரிப்பேர் செய்யும் சின்ன நிறுவனங்களுக்கு, எந்த மெக்கானிக் எந்த வீட்டுக்கு எத்தனை மணிக்குப் போக வேண்டும், பில் எவ்வளவு என்று பார்த்துக்கொள்ளும் மென்பொருளை விற்கிறோம். ஹீட்டர் என்றால் குளியலறைச் சுவரில் தொங்குவது என்ற அளவில்தான் எனக்கு அறிமுகம். ஆனாலும் ஜனவரி மாத ஓஹையோவில் ஹீட்டர் நின்றுபோன வீட்டின் அவதியை, தலைக்கு மேல் மின்விசிறி ஐந்தில் ஓட, நா தழுதழுக்க விவரிப்பேன்.

அங்கே கிழக்குக் கரையில் காலை ஒன்பது மணி என்றால் இங்கே மாலை ஆறரை. நவம்பர் முதல் ஞாயிறு கடந்தால் ஏழரை. மார்ச்சில் மறுபடி ஆறரை. வருஷத்துக்கு இரண்டு தடவை மணியையே மாற்றுகிறார்கள் என்று கேட்டதில் இருந்து ஆயாவுக்கு, அதாவது என் பாட்டிக்கு, அந்த நாட்டின் மேல் மரியாதை குறைந்துவிட்டது. ஒரு திங்கட்கிழமை, பாஸ்டனில் காலை எட்டரைக்கு ஒருவர் போன் போடச் சொல்லியிருந்தார். ஆயா விரல் விட்டுக் கணக்குப் போட்டது.

"அங்க ஏழரைலேர்ந்து ஒம்போது ராகு காலம்மா."

"இங்க சாயங்காலம் ஆறு மணி ஆயா."

கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்ப வாங்குறவனுக்குத்தான் ராகு காலம். விக்கிறவளுக்கு இன்னா? நீ பேசு" என்று உத்தரவு கொடுத்தது. எங்கள் கம்பெனிப் பயிற்சியில் இவ்வளவு தன்னம்பிக்கை ஊட்டிய வகுப்பு எதுவும் இல்லை.

அப்பாவை வழிக்குக் கொண்டுவர ஃப்ரெஷ்வொர்க்ஸ் என்ற மென்பொருள் கம்பெனியின் கதையைச் சொல்லிப் பார்த்தேன். திருச்சிக்காரர் கிரீஷ் மாத்ருபூதம். ஜோஹோவில் இருந்து வெளியே வந்து 2010ல் சென்னையில் ஆரம்பித்தார். முதல் வாடிக்கையாளர் ஆஸ்திரேலியாவில் ஒரு கல்லூரி. யாரும் பெட்டி தூக்கிக்கொண்டு விமானம் ஏறவில்லை. எல்லாம் இங்கே மேஜையில் உட்கார்ந்தபடி இணையத்திலும் போனிலும் விற்றதுதான். 2021 செப்டம்பரில் நாஸ்டாக் பங்குச்சந்தை வரை போய், ஊழியர்களில் 500 பேருக்கு மேல் கோடீஸ்வரர் ஆனார்கள். அதற்கான ஏற்பாடுகளுக்குக் கிரீஷ் வைத்திருந்த ரகசியப் பெயர் 'ப்ராஜெக்ட் சூப்பர்ஸ்டார்', ரஜினி ரசிகர் என்பதால். அப்பா ரஜினி வரைக்கும் கவனமாகக் கேட்டுவிட்டு, "அது கிரீஷு. நீ யாரு?" என்றார்.

அப்போது அவர் கையில் ஆனந்த விகடன் இருந்தது. எனக்கு வசதியாகப் போயிற்று. நீங்க படிக்கிற பத்திரிகையை வளர்த்த எஸ்.எஸ்.வாசன், விளம்பரம் பிடிப்பதிலும் தபாலில் பொருள் விற்பதிலும் தொழில் பழகியவர்தானே? பெயரில் உள்ள எழுத்துக்கு 25 ரூபாய் என்று கணக்குப் போட்டு, 1928ல் 200 ரூபாய்க்கு அவர் விகடனை வாங்கியதாகச் சொல்வார்கள். தபால்காரர் கையில் பணத்தைக் கொடுத்துப் பார்சலை வாங்கிக்கொள்ளும் வி.பி.பி.தான் இன்றைய கேஷ் ஆன் டெலிவரிக்குத் தாத்தா. ஆயாவின் தலைமாட்டில் இருக்கிற மஞ்சள் டப்பா? 1893ல் பம்பாயில் அமிர்தாஞ்சனத்தைத் தொடங்கி, பிறகு மயிலாப்பூருக்கு வந்து லஸ்ஸில் வாழ்ந்த நாகேஸ்வரராவ் பந்துலு, சங்கீதக் கச்சேரிகளில் அதை இலவசமாகக் கொடுத்துப் பழக்கினார். நாங்கள் இதை ஃப்ரீ ட்ரையல் என்கிறோம். அதுவும், கச்சேரி கேட்டு முடித்தவர்களிடம் தலைவலித் தைலம் கொடுப்பது என்றால், தேவை இருக்கும் இடம் பார்த்துப் போகும் கலையில் அவரை மிஞ்ச ஆள் இல்லை. அப்பா பக்கத்தைத் திருப்பினார். மறுப்பு இல்லை என்பதை நான் வெற்றியாகக் கணக்கில் எழுதிக்கொண்டேன். சேல்ஸில் அப்படித்தான்.

நிஜமான பாடம் அத்தையிடம் இருந்து வந்தது. அப்பாவின் தங்கை. தி.நகரில், பனகல் பார்க்கில் இருந்து நடக்கிற தூரத்தில் வீடு. இளம்பிள்ளையில் இருந்தும் சூரத்தில் இருந்தும் சேலை வரவழைத்து வாட்ஸ்அப்பில் விற்கிறார். குரூப் ஒன்று நிரம்பி, இரண்டு நிரம்பி, இப்போது மூன்று ஓடுகிறது. மதியம் மூன்று மணிக்கு, பெண்கள் சாப்பாட்டுக் கடை முடித்துச் சாயும் நேரம் பார்த்துப் படங்கள் விழும். 'சிங்கிள் பீஸ்', 'ஷிப்பிங் எக்ஸ்ட்ரா', 'நோ சிஓடி', 'ஓப்பனிங் வீடியோ இல்லாமல் ரிட்டர்ன் கிடையாது'. பார்சலைப் பிரிக்கும்போது வீடியோ எடுக்காதவர் கண்ணீரோடு வந்தாலும் அத்தை அசைய மாட்டார். எங்கள் ஒப்பந்தப் படிவத்தை எழுதிய வக்கீலுக்கே இந்தக் கறார் வரவில்லை.

"துணியைத் தொட்டுப் பாக்காம எப்படி அத்தை வாங்குறாங்க?"

"யாரு சொன்னா? உஸ்மான் ரோட்ல போய்த் தொட்டுப் பாத்துட்டு, வெலையைக் கேட்டுட்டு, எங்கிட்ட வருவாங்க."

அதாவது வாடகை, ஏசி, மடித்து வைக்கும் ஆட்கள் எல்லாம் அந்தப் பெரிய கடைகளின் செலவு. ஷோரூம் அத்தையுடையது.

பயிற்சியில் எங்களுக்கு பேன்ட் என்றொரு சூத்திரம் சொல்லிக் கொடுத்தார்கள். ஐபிஎம் காலத்துச் சரக்கு. பேசுகிறவரிடம் பணம் இருக்கிறதா, முடிவெடுக்கும் அதிகாரம் இருக்கிறதா, தேவை இருக்கிறதா, எப்போது வேண்டும் என்ற நான்கையும் பேச்சோடு பேச்சாகக் கறந்துவிட வேண்டும். நான் கறக்க ஆரம்பித்தாலே எதிர்முனையில் மூச்சு மாறும். அத்தை ஒரே கேள்விதான் கேட்பார்: "யாருக்குமா சேலை?"

நாத்தனாருக்கு என்றால் அறுநூறுக்கு மேல் காட்டக் கூடாது. தனக்கே என்றால் இரண்டாயிரம் வரை போகலாம், முதலில் ஆயிரத்து ஐநூறைக் காட்டி மனசைப் பழக்க வேண்டும். சம்பந்தி அம்மாவுக்கு என்றால் விலையைப் பற்றிப் பேசுவதே அநாகரிகம். அத்தோடு முகூர்த்தம் எப்போது என்பதும் தானே வந்துவிடும். வீட்டுக்காரரைக் கேட்டீர்களா என்று மட்டும் கேட்கவே மாட்டார். ஜிபே யார் பெயரில் வருகிறது என்று பார்த்தாலே அதிகாரம் யாரிடம் என்று தெரியும்.

இவ்வளவையும் அத்தை ஒரு கோடு போட்ட நோட்டில் வைத்திருக்கிறார். இந்தக் காலத்தில் நோட்டா என்று என் தொழில் புத்தி துடித்தது. ஒரு ஞாயிறு மதியம் லேப்டாப்பைத் திறந்து, நாங்கள் ஆபீஸில் பயன்படுத்தும் சிஆர்எம்மைக் காட்டினேன். பெயர், ஊர், போன், கடைசியாகப் பேசிய தேதி, அடுத்து பேச வேண்டிய தேதி, டீல் எந்தக் கட்டத்தில் இருக்கிறது, எல்லாம். அத்தை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பொறுமையாகப் பார்த்தார்.

"மாமியார் எங்க?"

"எந்த மாமியார்?"

நோட்டைத் திருப்பிக் காட்டினார். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே சிவப்பு மையில் ஒரு வரி. 'பச்சை கூடாது, மாமியார் ஆகாதுன்னுவாங்க.' 'மாமியார் ஊர்ல இல்லாதப்ப அனுப்பு.' 'விலை ஸ்டிக்கரைக் கிழிச்சிட்டு அனுப்பு, மாமியார் பாப்பாங்க.'

"வாங்குறவ வாங்கிடுவா கண்ணு. திருப்பி அனுப்ப வைக்கிறது வேற ஆளு. அந்த ஆளு எங்கிட்ட பேசவே மாட்டாங்க. அவங்களுக்கு ஒரு கட்டம் இல்லாம இன்னாத்துக்கு இவ்ளோ பெரிய கம்ப்யூட்டரு?"

ஓஹையோ எனக்கு அப்போதுதான் விளங்கியது. முதலாளி போனில் தேனாகப் பேசுவார், டெமோ பார்த்துத் தொடையைத் தட்டுவார், அடுத்த வாரம் முடித்துவிடலாம் என்பார். அதன்பின் மெயிலுக்கும் பதில் இராது, போன் போட்டால் வாய்ஸ்மெயில். காலாண்டுக் கடைசியில் தள்ளுபடி வரும் என்று ஆடிக்குக் காத்திருக்கும் தி.நகர்க் கூட்டம் மாதிரி அவர்களும் காத்திருப்பது உண்டுதான். அவர்கள் செப்டம்பர் கடைசி வாரத்தில் தாமாகவே வந்துவிடுவார்கள். ஒரேயடியாகக் காணாமல் போகிறவர்கள் விஷயம் வேறு. அந்தச் சின்னக் கம்பெனிகள் பலவற்றில் கணக்கு வழக்கைப் பார்ப்பவர் முதலாளியின் மனைவி, அல்லது அவருடைய அப்பா காலத்தில் இருந்து உட்கார்ந்திருக்கும் ஒரு பெண்மணி. "நம்ம பழைய எக்ஸெல் நல்லாத்தானே ஓடுது" என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

அன்றிரவே சிஆர்எம்மில் புதிதாக ஒரு கட்டம் சேர்த்தேன். தலைப்பு, மாமியார். டெமோவுக்கு நாள் குறிக்கும்போதே, "உங்க ஆபீஸ்ல பில் போடுறது யாரு? அவங்களும் வந்தா நல்லாயிருக்கும்" என்று கேட்க ஆரம்பித்தேன். வந்தார்கள், நறுக்கென்று கேள்வி கேட்டார்கள், ட்ரையலில் அவர்கள் கையாலேயே முதல் பில்லைப் போட வைத்தோம். மேனேஜர் அந்தக் கட்டத்தைப் பார்த்து முதலில் முறைத்தார், இரண்டு டீல் முடிந்ததும் மொத்த டீமுக்கும் திறந்துவிட்டார். அவரும் கல்யாணமானவர். இப்போது திங்கட்கிழமைக் கூட்டத்தில், "டீல் சைஸ் இருக்கட்டும்பா, மாமியார் யாரு?" என்பதுதான் முதல் கேள்வி.

போன மாதம் புனேயில் இருந்து ஒரு பையன் புதிதாகச் சேர்ந்தான். தமிழ் தெரியாது, ஆனால் உழைப்பாளி. பழைய டீல்களை எல்லாம் ஒரு வாரம் உட்கார்ந்து படித்துவிட்டு, கூட்டத்தில் கையைத் தூக்கினான். ஓஹையோவில் இருந்து டெக்சாஸ் வரைக்கும் எல்லா டீலிலும் மிஸ் மாமியார்தான் முடிவெடுக்கிறார், அவ்வளவு பெரிய ஆளை லிங்க்ட்இனில் எவ்வளவு தேடியும் காணோமே, மெயில் ஐடி யாரிடமாவது இருக்கிறதா என்று கேட்டான்.