சந்தோஷம்: சாதா 50 சென்ட், ஸ்பெஷல் 2 டாலர்

ஹூவர் அணை கட்ட 1928-இல் அமெரிக்கா ஒரு சட்டம் போட்டது. வெள்ளத் தடுப்பு, பாசனம், மின்சாரம், படகுப் போக்குவரத்து என்று ஒன்று விடாமல் எழுதினார்கள். ஜனங்கள் கட்டுச்சோற்றோடு வந்து இறங்குவார்கள் என்பது மட்டும் யாருக்கும் தோன்றவில்லை!

அணையைக் கட்டிய அரசு நீர்த்துறையான பீரோ ஆஃப் ரெக்ளமேஷனின் இன்ஜினீயர்கள் லேசுப்பட்டவர்களா? கொலராடோ நதியையே மலைக்குள் குடைந்து திருப்பிவிட்டு, 726 அடிக்கு கான்கிரீட் எழுப்பிய மகானுபாவர்கள். 1935-இல் ஜனாதிபதி ரூஸ்வெல்ட் வந்து அணையை நாட்டுக்கு அர்ப்பணித்தார். அப்புறம் திரண்ட கூட்டம் இந்த இன்ஜினீயர்களிடம் முதலில் கேட்டது, அனேகமாக, "பாத்ரூம் எங்கே சார்?"

அணை அருகே இறக்கை விரித்த இரண்டு வெண்கல உருவங்கள், 30 அடி உயரம். குடியரசின் கம்பீரத்தைக் காட்ட சிற்பி ஆஸ்கர் ஹான்சன் மெனக்கெட்டுச் செய்தவை. கால்விரலைத் தேய்த்தால் அதிர்ஷ்டமாம்! உடம்பெல்லாம் களிம்பேறி நிற்க, விரல்கள் மட்டும் புளி போட்டுத் துலக்கிய குத்துவிளக்காக மின்னுகின்றன.

சுற்றுலாத் தொல்லையை 1936-இல் நேஷனல் பார்க் சர்வீஸ் தலையில் கட்டினார்கள். அங்கே வேறு கௌரவம். இயற்கையின் காவலர்கள், மனுஷன் தேக்கிய ஏரிக்கு வாட்ச்மேனா? வேலையை ஏற்றார்கள், 'நேஷனல் பார்க்' பட்டம் மட்டும் கிடையாது, 'ரெக்ரியேஷன் ஏரியா'வோடு திருப்திப்பட வேண்டியதுதான். (அணையின் பெயரும் ஹூவர், பவுல்டர், மறுபடி ஹூவர் என்று அரசியல் காற்றுக்கு ஆடியது. நமக்கு இதை விளக்க வேண்டுமா என்ன?)

பார்க் சர்வீஸுக்கு ஒரு சந்தேகம்: ஜனங்கள் சந்தோஷப்படுகிறார்களே, அதற்கு என்ன விலை? பொருளாதார மேதைகளுக்குக் கடிதம் பறந்தது. பெரும்பாலோர் கையை விரித்தார்கள். ஹெரால்ட் ஹோட்டலிங் மட்டும் 1947-இல் பதில் போட்டார்: ஒருவன் எவ்வளவு தூரத்திலிருந்து, என்ன செலவு செய்து வருகிறான் என்று பாருங்கள், விலை தெரிந்துவிடும். அருமையான யோசனை. ஆகவே ஓரம் கட்டினார்கள்.

1964-இல் அரசே ரேட் போட்டது. பிக்னிக், நீச்சல் மாதிரி சாதா சந்தோஷம் ஆளுக்கு, நாளுக்கு 50 சென்ட் முதல் ஒன்றரை டாலர். பெரிய மிருக வேட்டை மாதிரி ஸ்பெஷல் சந்தோஷம் 2 முதல் 6 டாலர். பேரம் கிடையாது!

இதில்தான் சூட்சுமம். செலவைவிடப் பலன் அதிகம் என்று காட்டினால்தான் அணைக்குப் பணம் வரும். கணக்கு உதைக்கிறதா? நாலு லட்சம் பேர் குளிக்க வருவார்கள் என்று ஒரு வரி சேருங்கள். 1965 சட்டம், திட்டம் போடும்போதே பொழுதுபோக்கையும் முழுசாகக் கணக்கில் எடு என்றது. வேண்டாத விருந்தாளி, வீட்டு மாப்பிள்ளை ஆனார். வெள்ளத்தோடு மல்லுக்கட்டும் அமெரிக்க ராணுவப் பொறியாளர் படைகூட, 1944 சட்டத்தின் தயவில், ஏரிக்கரைகளில் கூடாரத் திடல் நடத்துகிறது.

2022-இல் வறட்சியில் ஹூவர் அணையின் மீட் ஏரி பாதாளத்துக்கு இறங்க, படகு இறக்கும் ராம்ப்புகள் வரிசையாக மூடப்பட்டன. மிஞ்சிய ராம்ப்பை நீட்டி நீட்டி, ஓடும் தண்ணீரைத் துரத்தியது பார்க் சர்வீஸ். தண்ணீர்? அது வேறு டிபார்ட்மென்ட் சார்!