ரூட்டருக்கு வழி சொல்வது யார்?

கேள்வி: வரதராஜப் பெருமாள் கோயிலுக்கு என்று ஆட்டோவில் ஏறினால், பட்டுக்கடை வாசலில் இறக்கிவிடுகிறார்கள். இன்டர்நெட்டிலாவது கேட்ட இடத்துக்குப் போவோமா?
*– பிள்ளையார்பாளையம் வாசகர், காஞ்சிபுரம்*

பதில்: 2008 பிப்ரவரி 24 அன்று யூடியூபுக்குக் கிளம்பிய உலகம் பாகிஸ்தானில் போய் நின்றதே!

யூடியூபைத் தன் நாட்டுக்குள் மட்டும் முடக்க நினைத்தது பாகிஸ்தான் டெலிகாம். அதற்காகப் போட்ட பொய் வழி, ஹாங்காங் நிறுவனம் ஒன்றின் மூலம் ஊரெல்லாம் பரவிவிட்டது. யூடியூப் 1,024 முகவரிகளுக்கு மொத்தமாக வழி சொல்லியிருந்தது. பாகிஸ்தான் டெலிகாம்காரர்கள் அதற்குள் 256-க்கு மட்டும் தனியாகச் சொன்னார்கள். இணையத்தில் தகவலை வழி பார்த்து அனுப்பும் கருவியான ரூட்டர், குறிப்பாகச் சொல்பவர் பேச்சைத்தான் கேட்கும். யூடியூபும் அதே 256-க்கு வழி சொல்லி, பிறகு அதை 128, 128 என்று இன்னும் பொடியாக உடைத்துச் சொல்லி ஆட்களை மீட்கத் தொடங்கியது. எல்லாம் சரியாவதற்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது.

1989-ல் இரண்டு பொறியாளர்கள் சாப்பாட்டு மேசையில், கை துடைக்கும் காகிதத்தில் வரைந்த ஏற்பாடுதான், நெட்வொர்க்குகள் ஒன்றுக்கொன்று இப்படி வழி சொல்லிக்கொள்ளும் இந்த முறை. எவர் சொன்னாலும் நம்பும். இப்போது முகவரிக்கு உரியவர் டிஜிட்டல் கையெழுத்துப் போடும் ஆர்.பி.கே.ஐ. முறை வந்திருக்கிறது. வழியைக் கேட்டுக்கொள்ளும் நெட்வொர்க் அதைச் சரிபார்த்தால்தான் பலன். உங்களுக்கு இணைப்பு தரும் கம்பெனி சரிபார்க்கிறதா? மாதாமாதம் பணம் கட்டுகிறீர்கள், கேளுங்கள்!