பொலோன்யா கடிதம்: ராகு காலம் மூன்று மணி நேரம்

பொலோன்யா, இத்தாலி
ஞாயிற்றுக்கிழமை இரவு



இந்தக் கடிதம் எழுதுகிற ஆசாமிக்கு இத்தாலியில் இது இரண்டாவது குளிர்காலம். இன்று மதியம் மதுரையிலிருந்து அவருடைய அம்மா போனில், "மத்தியானம் என்னப்பா சாப்பாடு?" என்று கேட்டார். "ராகும்மா" என்றார் இவர். அந்தப் பக்கம் சற்று நேரம் சத்தமே இல்லை. பிறகு, "ஞாயித்துக்கெழம அதுவுமா அந்தப் பேர ஏம்ப்பா எடுக்குற? சாயங்காலம் ஆறு மணி வரைக்கும் எங்கயும் கெளம்பாத" என்று உத்தரவு வந்தது.

ராகு இங்கே கிரகம் அல்ல, குழம்பு. கொத்துக்கறியும் காய்களும் சேர்த்து மணிக்கணக்கில் வேகவைத்து, பாஸ்தாவில் புரட்டிச் சாப்பிடுவது. ராகூ என்ற பிரெஞ்சுச் சொல் இத்தாலிக்கு வந்து இப்படி மாறியிருக்கிறது. நம் ராகு காலம் ஒன்றரை மணி நேரத்தில் விலகிவிடும். பொலோன்யாவில் அது மூன்று மணி நேரம்.

உலகம் முழுக்க ஓட்டல்களில் 'ஸ்பகெட்டி பொலோனீஸ்' என்று ஒன்று விற்கிறார்களே, அது இந்த ஊர்க்காரர்களைக் கேட்டால் கிடையவே கிடையாது. 2019-இல் மேயராக இருந்த விர்ஜீனியோ மெரோலா அதைப் பொய்ச் செய்தி வகையில் சேர்த்து, எந்தெந்த நாட்டில் இப்படி விற்கிறார்கள் என்று படம் எடுத்து அனுப்பும்படி ட்விட்டரில் கேட்டார். கோபத்துக்குக் காரணம் உண்டு. ஸ்பகெட்டி வழவழப்பான நூல். கறி அதில் ஒட்டாமல் தட்டின் அடியில் தங்கிவிடும். முட்டை சேர்த்துப் பிசைந்து, கட்டையால் தேய்த்து, பட்டையாக நறுக்கிய தாலியாதெல்லே என்ற பாஸ்தாவில்தான் ராகு பிடித்து நிற்கும்.

அந்தப் பட்டையின் அகலத்துக்கும் சட்டம் இருக்கிறது. 1972-இல் தங்கத்தில் ஒரே ஒரு பட்டை (ஒருமையில் தாலியாதெல்லா) செய்து இந்த ஊர் வர்த்தக சபையில் வைத்துவிட்டார்கள். வெந்த பிறகு அகலம் 8 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். சந்தேகம் வந்தால் நடுஊரில் நிற்கும் அசினெல்லி கோபுரத்தின் உயரத்தை 12,270-ஆல் வகுத்துக்கொள்ளலாம். நம்மூரில் தங்கம் லாக்கருக்குப் போகும்; இங்கே நூடுல்ஸாகிக் கண்ணாடிப் பெட்டிக்குள் போயிருக்கிறது.

குழம்பையும் விட்டுவைக்கவில்லை. நாம் பத்திர ஆபீசில் வீட்டையும் நிலத்தையும் பதிவோம். இவர்கள் 1982 அக்டோபர் 17 அன்று ராகுவின் செய்முறையை அதே வர்த்தக சபையில் பதிந்தார்கள். இத்தாலியச் சமையல் கழகம் முன்னின்று செய்த வேலை. 2023-இல் அதைத் திருத்தி மறுபதிவும் ஆனது. அதன்படி 400 கிராம் மாட்டுக் கொத்துக்கறி (அம்மாவுக்குப் போகும் பிரதியில் வெறும் 'கறி' என்று இருக்கும்), 150 கிராம் பன்றி வயிற்றுக்கறி, வெங்காயம், கேரட், செலரி மூன்றும் தலா 60 கிராம், ஒரு கிளாஸ் ஒயின், 200 கிராம் தக்காளிச் சாறு, ஒரு கரண்டி தக்காளி விழுது. பால் விருப்பம்போல.

கூடவே ஒரு தடைப் பட்டியலும் இருக்கிறது. பூண்டு கூடாது. மசாலாப் பொருட்கள் கூடாது. கன்றுக்குட்டிக் கறி கூடாது. மாவு கூடாது. மதுரையில் பிறந்தவனை ஏறத்தாழ நாடு கடத்துகிற பட்டியல்.

ஆசாமி இது தெரியாமல், முதல் ஞாயிறு வீட்டுக்கார அம்மாளின் சமையலறையில் உதவி செய்யப் போய், "சிஞ்ஞோரா, பூண்டு எத்தனை பல் உரிக்கட்டும்?" என்று கேட்டுவிட்டார். எழுபது தாண்டிய அந்த அம்மாள் கத்தியைக் கீழே வைத்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "யாருக்காவது உடம்பு சரியில்லையா?" என்றார்.

ஆனால் அந்த அம்மாளின் அடுப்படியை நேரில் பார்த்தால் அந்தக் கர்வத்தை மன்னித்துவிடலாம். முதலில் பொடியாக அரிந்த பன்றிக்கறி சிறு தீயில் தன் கொழுப்பிலேயே உருக வேண்டும். பிறகு வெங்காயம், கேரட், செலரி. மூன்றும் கடுகைவிடக் கொஞ்சம் பெரிதாக, ஒரே அளவில். நம் தாளிப்பு போல வெடிக்கக் கூடாது. வதங்க வேண்டும், நிறம் ஏறக் கூடாது. அப்புறம்தான் கறி, அப்போது மட்டும் தீயைக் கூட்டுகிறார். இந்தக் கட்டத்தில் அவர் சட்டியைப் பார்ப்பதே இல்லை, காதைக் கொடுக்கிறார். கறி விடுகிற தண்ணீர் இருக்கும்வரை களகளவென்று சத்தம். அது வற்றியதும் சத்தம் மாறி, கொழுப்பில் பொரிகிற சீறல் கேட்கும். "இப்போ ஒயின்" என்கிறார். ஆவி முகத்தில் அடித்து அடங்கியதும் தக்காளி, கறி வேகவைத்த சாறு, மூடி. இதற்குப் பிறகு குமிழி ஒன்று எழும்பி உடைந்தால், அடுத்தது யோசித்துவிட்டுத்தான் எழும்ப வேண்டும்.

அங்கே ஆரம்பிக்கிறது ராகு காலம். அவ்வப்போது ஒரு கரண்டி சாறு ஊற்றிக் கிளறுவதைத் தவிர வேறு வேலை இல்லை. ஊர்க்கதை பேசலாம். குக்கரில் போட்டால் நாலு விசிலில் முடியுமே என்று ஆசாமிக்குத் தோன்றியது. பூண்டு அனுபவம் இருந்ததால் வாயைத் திறக்கவில்லை. இரண்டாவது மணி நேர முடிவில் மூடியைத் திறந்தபோது கேரட்டையும் செலரியையும் காணோம். கரைந்து குழம்பாகவே ஆகிவிட்டிருந்தன. குக்கர் நினைப்பு அதோடு போய்விட்டது.

பதிவு செய்த செய்முறைதான் ஆதி செய்முறை என்று யாரும் ஏமாற வேண்டாம். 1891-இல் வெளிவந்த பெல்லெக்ரீனோ அர்தூசியின் புகழ்பெற்ற சமையல் புத்தகத்தில் பொலோன்யா பாணிக் கறிக் குழம்பு இருக்கிறது. அதில் கன்றுக்குட்டிக் கறி உண்டு, ஒரு சிட்டிகை மாவும் உண்டு, தக்காளி இல்லை. அர்தூசி இன்று உயிரோடு வந்தால் அவருடைய குழம்பு சபையில் பதிவாகாது!

வீட்டுக்குள்ளேயும் சட்டம் செல்லாது. வீட்டுக்கார அம்மாள் பால் ஊற்றுவார், தக்காளியின் புளிப்பை அது அடக்குமாம். மாடியில் குடியிருக்கும் அவருடைய நாத்தனார் பால் ஊற்ற மாட்டார். பால் விருப்பம்போல என்று 2023-இல் எழுதியதே இந்த இருவரையும் சமாதானப்படுத்தத்தான் என்பது ஆசாமியின் சொந்த ஆராய்ச்சி. இருவருக்கும் சாட்சி அவரவர் மாமியார்கள். அந்த மாமியார்கள் இருவரும் காலமாகிவிட்டதால் வழக்கு நிலுவையில் இருக்கிறது.

ஒரு வாக்குமூலமும் உண்டு. மீந்த ராகுவை அந்த அம்மாள் டப்பாவில் போட்டுக் கொடுத்தனுப்புவார். திங்கள் இரவு அறையில் கதவைத் தாழிட்டு, ரேடியேட்டர் பக்கத்தில் இரண்டு நாள் வைத்துப் புளிக்கவைத்த மாவில் கனமாகத் தோசை வார்த்து, மேலே ராகுவைப் பரப்பி, மிளகுத்தூளும் தடை செய்யப்பட்ட மிளகாய்த்தூளும் தூவித் திருப்பிப் போட்டால், மதுரைக் கறி தோசைக்குத் தூரத்துச் சொந்தம் தயார். டப்பாவைக் கழுவித் திருப்பிக் கொடுக்கும்போது அந்த அம்மாள் ஒருமுறை முகர்ந்து பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.

ஊரில் செய்து பார்க்க நினைப்பவர்கள் ஆட்டுக் கொத்துக்கறியில் செய்யலாம்; பொலோன்யாவுக்குத் தெரிய வேண்டாம். தக்காளியைக் குறைத்துப் போடுங்கள், தீயை இன்னும் குறையுங்கள். அடுப்பு மூன்று மணி நேரம் எரிய வேண்டியிருப்பதால், சிலிண்டரை ஒருமுறை அசைத்துப் பார்த்துவிட்டு ஆரம்பியுங்கள்.