சிவப்புக் காலிபரும் பிரேக் ஆயிலும்

தொண்ணூறுகளின் கடைசியில் கலிபோர்னியாவில் வேலை பார்த்தபோது என்னிடம் 1990-ஆம் ஆண்டு மாஸ்டா மியாட்டா ஒன்று இருந்தது. 1.6 லிட்டர் எஞ்சின், இரண்டே இருக்கை, மடக்கும் துணிக்கூரை. வாடகை போக மிஞ்சிய பணமெல்லாம் அதற்குத்தான் போகும். லகுனா செக்கா பந்தயத் தளத்தில் சொந்தக் காரை ஓட்டவிடும் நாட்களில் நண்பர்களாகச் சேர்ந்து போவோம். நேர்பாதையில் வேகமெடுத்து ஆண்ட்ரெட்டி வளைவை நெருங்கும்போதுதான் பிரேக்கின் அருமை தெரியும். ஏறக்குறைய 1,000 கிலோ எடையுள்ள காரை மணிக்கு 150 கி.மீ. வேகத்திலிருந்து 75-க்குக் குறைத்தால் பிறக்கும் சூடு, இரண்டு லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைத்துவிடும். ஒவ்வொரு சுற்றிலும் அந்தச் சூடு.

அங்கிருந்த மூத்த ஓட்டுநர்கள் முதலில் கேட்ட கேள்வி: "பெடல் எப்படி இருக்கு?" அழுத்தமே இல்லாமல் தரைவரை போனால் பிரேக் ஆயில் கொதித்து ஆவியாகிவிட்டது என்று அர்த்தம். இறுக்கமாக இருந்தும் கார் வேகம் குறையாவிட்டால், பேட் சூடு தாங்கவில்லை. கையில் இருக்கும் கொஞ்சப் பணத்தை எதில் போடுவது என்பதை அந்தப் பதில் தீர்மானித்தது. ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 ஆயில் புதிதாக இருக்கையில் குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறியபின் அந்த உத்தரவாதம் 155 டிகிரிதான். ஆக, புது ஆயில், சூடு தாங்கும் பேட்.

அதற்குப் பிறகுதான் காயலான் கடை. 1994-இல் வந்த 1.8 லிட்டர் மியாட்டாவில் முன் டிஸ்க் 255 மில்லிமீட்டர், என்னுடையதில் 235. அந்த டிஸ்க்கும் பேடும் காலிபரைத் தாங்கும் பிராக்கெட்டும் இருந்தால் போதும், பழைய காலிபரே பொருந்தும். 14 அங்குல வீலையும் மாற்ற வேண்டாம். துளையிட்ட டிஸ்க் பார்க்க அழகு. ஆனால் தளத்துச் சூட்டில் விரிசல் துளையிலிருந்துதான் கிளம்பும். நான் போட்டது சாதா டிஸ்க்.

இப்போது அதே கலிபோர்னியாவில் இருக்கும் என் அண்ணன் மகன் அதே மாடல் கார் ஒன்றை வாங்கியிருக்கிறான். பெரிய சிவப்புக் காலிபர் கிட் ஒன்றின் படத்தை அனுப்பி, "சித்தப்பா, இதைப் போட்டா சீக்கிரம் நின்னுடுமா?" என்றான். விலை ஆயிரம் டாலரைத் தாண்டியது. "உன் பழைய பிரேக்கே வீலை லாக் பண்ணுதாப்பா?" என்று கேட்டேன். பண்ணுகிறது என்றான். அப்படியானால் அதற்குமேல் காரை நிறுத்துவது டயரின் பிடிப்புதான். முன்பக்கத்தில் மட்டும் பெரிய காலிபர் போட்டால் பின் பிரேக் தன் பங்கைச் செய்யுமுன் முன்வீல் லாக் ஆகிவிடும். நிற்கும் தூரம் கூடவும் கூடும்.

இன்றைய பிள்ளைகளுக்கு அன்று எங்களுக்குக் கிடைக்காத வசதிகள் இருக்கின்றன. தரமான பேட் வகைவகையாக வீட்டுக்கே வருகிறது. எனக்கு அதில் உண்மையான சந்தோஷம். ஆனால் அவர்கள் கண்ணில் முதலில் படுவது காலிபரின் நிறம் என்பதுதான் கவலை. இது உயிர் சம்பந்தப்பட்ட சாமான்.

பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்கியிருக்கும் தம்பி தங்கைகளே, முதலில் ஆயிலை மாற்றுங்கள். அடுத்து பேட், அடுத்து நல்ல டயர். இவ்வளவும் செய்தபின் தளத்தில் பிரேக் சூட்டில் தளர்ந்தால் மட்டும் பெரிய டிஸ்க்கைத் தேடுங்கள்.