டிராகன் எதற்கு, நாமக்கல் இருக்க?

1974-இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் வெளியிட்ட ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ விளையாட்டைப் பிள்ளைக்குப் பழக்கலாமா என்று யோசிக்கும் சேலத்துப் பெற்றோருக்கு ஒரு வார்த்தை: வீண் செலவு. மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு வேடம் ஏற்று, இருபது முகப் பகடையை உருட்டிக் கற்பனை உலகில் திரிவதுதானே அது? நாமக்கல், ராசிபுரம் விடுதிப் பள்ளிகளில் இதன் முற்றிய வடிவம் எப்போதோ வந்துவிட்டது. ஆறாம் வகுப்பிலேயே டாக்டர் வேடம், சுற்றிலும் மதில், பகடைக்குப் பதில் நான்கு விடைகள். சரியென்றால் 4 கூடும், தவறினால் 1 குறையும், முழு ஆயுள் 720. பதினோராம் வகுப்புப் பாடத்தையே மாயமாக்கி, பன்னிரண்டை இரண்டு வருஷம் நடத்திய வித்தைக்கு எந்த டிராகன் ஈடு? (2018-இல் பதினொன்றுக்கும் பொதுத்தேர்வு வைத்து அரசு அந்த அழகைக் கெடுத்தது.)

விளையாட்டென்றால் சிரிப்பு வேண்டாமா என்பார்கள். ஞாயிற்றுக்கிழமை வேப்பமரத்தடியில் அம்மா தூக்குப்போசியைத் திறக்க, அப்பா மார்க் ஷீட்டைத் திறக்கிறார். 98 கண்டால் சிரிக்கத்தான் செய்கிறார். கற்பனையையும் நிஜத்தையும் பிள்ளை குழப்பிக்கொள்ளுமோ என்ற கவலையும் வேண்டாம். இங்கே அதைப் பெற்றோரே பார்த்துக்கொள்கிறார்கள். அமெரிக்க விளையாட்டில் ஒரு பெருங்குறை வேறு: என்ன வேடம் என்பதை ஆடுகிற பிள்ளையே தேர்ந்தெடுக்குமாம். ஐம்பது வருஷமாகியும் யாரும் திருத்தவில்லை.