தலைக்கு மேல் செலவு

பிரெஞ்சு அதிபர் ஒலாந்தின் முடிதிருத்துநருக்கு மாதம் 9,895 யூரோ சம்பளம் என்று 2016 ஜூலையில் பாரிஸின் நையாண்டி வார இதழ் ஒன்று போட்டு உடைத்தது. ஏறக்குறைய ஓர் அமைச்சரின் சம்பளம். ஒலாந்தின் தலையைப் பார்த்தவர்கள், முடி ஒன்றுக்கு என்ன விலை என்று கணக்குப் போட்டிருப்பார்கள். ‘சாதாரண அதிபராக இருப்பேன்’ என்று ஓட்டுக் கேட்டவர், சோஷலிஸ்ட் வேறு. பாவம், அந்தத் தொழிலாளி விடியலிலேயே வந்துவிடுவாராம், தேவைப்படும்போதெல்லாம் சீவிவிடுவாராம். எதைச் சீவினாரோ!

அடுத்து வந்த மக்ரோனுக்கு முடிப் பஞ்சமில்லை. அதனால் செலவு முகத்துக்கு இறங்கியது: 2017இல் பதவியேற்ற முதல் மூன்று மாத ஒப்பனைக்கு மட்டும் 26,000 யூரோ. அவசரத்துக்கு ஆள் பிடித்ததில் ஆன செலவு, இனிக் குறைத்துக்கொள்வோம் என்றது அதிபரின் எலிசே மாளிகை. 39 வயது முகத்துக்கு அப்படி என்ன அவசரமோ!